எழுத்து மங்கலாகத் தெரிகிறதா? மானிட்டரைத் திட்டுவதற்கு முன்

முதலில் ரெசல்யூஷன், அதாவது திரையில் காட்டும் புள்ளிகளின் எண்ணிக்கை. 1920 × 1080 பேனலை 1600 × 900-ல் ஓட்டினால் ஒவ்வொரு புள்ளியும் 1.2 புள்ளியாக இழுபடணும். கால் புள்ளி, அரைப் புள்ளி என்று பேனலில் எதுவும் கிடையாது. அதனால் எழுத்தின் ஓரம் பக்கத்துப் புள்ளியில் சாயம் மாதிரி ஒழுகும். டிஸ்ப்ளே செட்டிங்ஸில் 'ரெக்கமண்டட்' என்று போட்டிருப்பதையே வையுங்கள்.

ஒரே ஒரு மென்பொருள் மட்டும் மங்கலா? அது ஸ்கேலிங் (எழுத்தையும் ஐகானையும் பெரிதாக்கிக் காட்டும் விண்டோஸ் அமைப்பு) கோளாறு. 125%-ல் பழைய புரோகிராமை விண்டோஸ் ஒரு படம் போலப் பெரிதாக்குகிறது. ஐகானில் ரைட் கிளிக், பிராப்பர்ட்டீஸ், கம்பாட்டிபிலிட்டி, 'சேஞ்ச் ஹை டிபிஐ செட்டிங்ஸ்'. கீழே ஓவர்ரைடில் டிக் போட்டு 'அப்ளிகேஷன்' கொடுத்து, மூடித் திறங்கள். சிலதில் எழுத்து பொடிசாகிவிடும், பொறுத்துக்கணும்.

டிவியை மானிட்டராக வைத்திருப்பவர்கள் கருப்புப் பின்னணியில் சிவப்பு எழுத்தைப் போட்டுப் பாருங்கள். ஓரம் கலங்கினால் நிறத் தகவல் குறைந்து வருகிறது என்று அர்த்தம். கிராபிக்ஸ் செட்டிங்கில், நிறத் தகவலைக் குறைக்காமல் அனுப்பும் ஆர்ஜிபி அல்லது 4:4:4 வையுங்கள். பல டிவிகளில் கம்ப்யூட்டரைச் செருகியிருக்கும் எச்டிஎம்ஐ இன்புட்டுக்கு 'பிசி' என்று பெயர் மாற்றினால்தான் சரியாகும். ஷார்ப்னெஸ்ஸைக் கூட்டுவது வேண்டாத வேலை, எழுத்தைச் சுற்றி வெள்ளை வளையம்தான் மிச்சம்.

இன்னும் பழைய அனலாக் வகை விஜிஏ கேபிளா? மானிட்டர் மெனுவில் 'ஆட்டோ அட்ஜஸ்ட்' ஒரு தட்டு. எழுத்தின் ஓரத்தை மெருகேற்றும் விண்டோஸ் வசதியான கிளியர்டைப் பக்கம் கடைசியில் போனால் போதும்.