ஆறு டன் மரத்தை டிரெய்லரில் ஏற்றுதல்

வெட்டிக் கிடக்கும் பெரிய மரத்தைப் பார்த்ததும் பேச்சு உடனே எதைக் கட்டி இழுப்பது என்பதற்குப் போய்விடும். அதற்கு முன்னால் டேப்பை எடுத்து அளக்க வேண்டும். பெருமரத்தின் எடையைக் கண் எப்போதும் குறைத்தே மதிப்பிடுகிறது. நீளம் இரட்டித்தால் எடை இரட்டிக்கும். விட்டம் இரட்டித்தால் எடை நான்கு மடங்காகிவிடும். பருமன் ஏற ஏறக் கண் மதிப்பு தவறுவதற்குக் காரணம் இதுதான்.

கணக்கு எளிது. மரத்தின் நடுவில் சுற்றளவை அளந்து 3.14ஆல் வகுத்தால் விட்டம் கிடைக்கும். விட்டத்தை விட்டத்தால் பெருக்கி, 0.785ஆலும் நீளத்தாலும் பெருக்க வேண்டும். 5 மீட்டர் நீளம், தூரில் 1.4 மீட்டர், நுனியில் 1 மீட்டர், நடுவில் 1.2 மீட்டர் விட்டம் உள்ள மரம் ஏறக்குறைய 5.7 கன மீட்டர் வரும். பச்சை மரம் என்றால் கன மீட்டருக்கு ஒரு டன் என்று வைத்துக்கொள்ளலாம். அப்படியானால் இந்த மரம் 5.7 டன், ஏறக்குறைய ஆறு டன். தண்ணீரில் மூழ்கும் வைர மரமானால் அதற்கும் மேலே போகும். காய்ந்த மரத்துக்கான அட்டவணையை வைத்துப் பச்சை மரத்துக்கு எடை போட்டால் கணக்கு பாதியாகக்கூடக் குறைந்துவிடும். அந்தக் கணக்கை நம்பித்தான் பலர் சின்ன வின்ச்சையும் (ரோப்பைச் சுற்றி இழுக்கும் கருவி) மெல்லிய ரோப்பையும் கொண்டுவந்து நிற்கிறார்கள்.

இன்னொன்றும் இங்கேயே பார்த்துவிட வேண்டும். மரத்தின் எடை நடுவில் இல்லை, தூர்ப்பக்கம் தள்ளியிருக்கிறது. மேலே சொன்ன அளவில் எடைமையம் தூரிலிருந்து சுமார் 2.2 மீட்டரில் விழும். நீளத்தின் நடு 2.5 மீட்டர். இந்த 30 செ.மீ. வித்தியாசம், நடுவைப் பார்த்துத் தூக்கிய மரத்தைத் தலைகீழாகச் சாய்க்கப் போதும். மையம் எங்கே என்று கணக்கில் கண்டு, பட்டையில் சுண்ணாம்பால் கோடு போட்டுவிட்டால் பிறகு வரும் எல்லா முடிவுக்கும் அது உதவும்.

கிரேன் கிடைத்தால் வேலை சுலபம். ஆனாலும் இரண்டு விஷயங்களில் தவறு நடக்கிறது. ஒன்று, ஸ்லிங்கின் கோணம். மரத்தைச் சுற்றிக் கிரேனின் கொக்கியில் மாட்டும் கட்டுதான் ஸ்லிங். இரண்டு ஸ்லிங்கும் படுக்கை மட்டத்திலிருந்து 60 டிகிரியில் எழுந்தால் ஒவ்வொன்றிலும் மரத்தின் எடையில் 58 சதவீதம் விழும். 30 டிகிரிக்குத் தாழ்ந்தால் ஒவ்வொன்றும் முழு எடையையும் தாங்க வேண்டியிருக்கும். கொக்கியின் உயரம் போதவில்லை என்று ஸ்லிங்கை அகட்டிப் போடுகிறவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். இரண்டாவது, பட்டை. சாறு ஓடும் பருவத்தில் வெட்டிய மரத்தில் பட்டை உள்ளே வழுவழுவென்று கழன்று வரும். ஸ்லிங் பட்டையை இறுக்கிப் பிடித்திருக்கும். மரம் பட்டைக்குள்ளிருந்து வழுக்கி இறங்கும். ஸ்லிங் உட்காரும் இரண்டு இடத்திலும் பட்டையை உரித்துவிடுவது பத்து நிமிட வேலை. பிறகு 10 செ.மீ. மட்டும் தூக்கி நிறுத்தி, தூர் இறங்குகிறதா என்று பார்த்துவிட்டு மேலே போகலாம்.

கிரேன் வர முடியாத இடத்தில் மரத்தைப் பக்கவாட்டில் உருட்டி ஏற்றுவதே நல்ல வழி என்பது எங்கள் உறுதியான கருத்து. பின்பக்கமாக நீளவாக்கில் இழுத்து ஏற்றுவதை நாங்கள் பரிந்துரைப்பதில்லை. டிரெய்லர் தளத்தின் உயரம் 90 செ.மீ., தரையிலிருந்து தளத்துக்குச் சாய்த்து வைக்கும் இரண்டு உத்தரங்களின் நீளம் 2.7 மீட்டர் என்றால் சரிவு மூன்றுக்கு ஒன்று. நீளவாக்கில் இழுத்தால் எடையின் மூன்றில் ஒரு பங்கோடு உராய்வும் சேரும். உராய்வை எடையில் பாதி என்று வைத்தால்கூட 4.5 டன்னுக்கு மேல் இழுக்க வேண்டும். உருட்டினால் 1.9 டன் போதும். ரோப்பை மரத்தின் அடியில் சுற்றி மேலே எடுத்து இழுத்தால் அதிலும் பாதி, அதாவது 950 கிலோ.

அந்தச் சுற்று இப்படி: ரோப்பின் ஒரு முனையை டிரெய்லர் சட்டத்தில் கட்டி, சரிவு வழியாகக் கீழே இறக்கி, மரத்தின் அடியில் கொடுத்து, வெளிப்பக்கம் சுற்றி, மரத்தின் மேலாகத் தளத்தைக் கடந்து அந்தப் பக்கத்து வின்ச்சுக்குக் கொண்டுபோக வேண்டும். இரண்டு மீட்டர் ரோப் இழுத்தால் மரம் ஒரு மீட்டர் நகரும். தூர்ப்பக்கம் ஒன்று, நுனிப்பக்கம் ஒன்று என இரண்டு ரோப், முடிந்தால் இரண்டு வின்ச். காரணம், மரம் உருளையாக இருப்பதில்லை, கூம்பாகவே இருக்கிறது. ஒரு முழுச் சுற்றில் 1.4 மீட்டர் தூர் 4.4 மீட்டர் ஓடும். 1 மீட்டர் நுனி 3.1 மீட்டர்தான் ஓடும். கவனிக்காமல் விட்டால் தூர் முந்திக்கொண்டு மரம் கோணலாகி, உத்தரத்தை விட்டு நழுவும். 30 செ.மீ.க்கு ஒருமுறை நிறுத்தி, தூருக்கு ஆப்பு வைத்து, நுனி ரோப்பை மட்டும் இழுத்து நேராக்க வேண்டும். பொறுமை தேவைப்படும் இடம் இது. பாதி உயரத்தில் கோணலான மரத்தைச் சரிசெய்வதைவிட, அதைக் கீழே இறக்கி மறுபடி தொடங்குவதே நல்லது.

வின்ச்சில் எழுதியிருக்கும் திறன் டிரம்மின் முதல் அடுக்குக்கு மட்டும் பொருந்தும். ரோப் அடுக்கடுக்காகச் சேரச் சேர இழுவை குறையும். கப்பி போட்டு ரோப்பை அப்படியே திருப்பினால் கப்பியைக் கட்டிய இடத்தில் இழுவையைப் போல இரண்டு மடங்கு விழும். செங்கோணத்தில் திருப்பினால் 1.4 மடங்கு. வின்ச் தாங்கினாலும் கப்பி கட்டிய சங்கிலி அறுந்துபோவது இந்தக் கணக்கைப் போடாததால்தான்.

உத்தரங்கள் பெரும்பாலும் மெலிந்தவையாகவே கிடைக்கின்றன. ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு கட்டத்தில் ஏறக்குறைய 2.9 டன் நிற்கும். 20 செ.மீ. தடிமனுள்ள உருண்டை உத்தரத்தைவிட 25 செ.மீ. உத்தரம் இரண்டு மடங்கு தாங்கும், வலிமை தடிமனின் மும்மடியில் ஏறுவதால். முடிச்சும் விரிசலும் இல்லாத 25 செ.மீ. உத்தரம், நடுவில் ஒரு முட்டு: இதற்குக் குறைந்து எதையும் ஏற்க வேண்டாம். மேல்முனை தளத்திலுள்ள குறுக்குக்கட்டையின் மட்டத்தோடு சரியாகப் பொருந்த வேண்டும். மேலே 5 செ.மீ. படி ஒன்று நின்றால், 1.2 மீட்டர் மரத்தின் அச்சில் அது 2.5 டன் விசை கேட்கும். மொத்தச் சரிவும் கேட்டது 1.9 டன் மட்டுமே.

இடம் ஒத்துழைத்தால் டிரெய்லர் சக்கரங்களுக்கு 30 செ.மீ. பள்ளம் வெட்டலாம். அதே உத்தரத்தில் சரிவு மூன்றில் ஒரு பங்கு குறையும், இழுவையும் அதே அளவு குறையும். ஒரு மணி நேரம் மண்வெட்டி பிடிப்பது வின்ச்சை மாற்றுவதைவிட மலிவு. வெளியே வரவும் சரிவாகவே வெட்டிவிட வேண்டும்.

டிரெய்லர் காலியாக நிற்கிறது என்பதை மறக்கக் கூடாது. மரம் தளத்தின் ஓரத்தில் ஏறும் நேரத்தில் முழு எடையும் ஒரு பக்கம் விழும். ஸ்பிரிங் அமுங்கி, தளம் மரத்தை நோக்கிச் சாயும். ஏற்றும் பக்கம் சட்டத்தின் அடியில், அகலமான பலகைமேல் கட்டைகளை அடுக்கி இடைவெளி இல்லாமல் முட்டுக் கொடுக்க வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்ப வேண்டாம். இழுக்கும் வண்டியோடு மாட்டி, பிரேக் போட்டு, சக்கரங்களுக்கும் கட்டை வைத்திருக்க வேண்டும்.

மிக ஆபத்தான நொடி மரம் ஓரத்தைத் தாண்டும்போது வருகிறது. அதுவரை சரிவு மரத்தைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டிருந்தது. தளம் வந்ததும் அந்த எதிர்ப்பு சட்டென்று போய்விடும். ரோப் தொய்யும், மரம் தானாக ஓடும். 2.4 மீட்டர் அகலத் தளத்தில் அதற்கு ஓட இடமில்லை. ஆகவே மரம் எங்கே நிற்கப்போகிறதோ, அதற்கான எதிர்ப்பக்க ஆப்புகளை உருட்டத் தொடங்கும் முன்பே குறுக்குக்கட்டையில் ஆணியடித்து இறுக்கியிருக்க வேண்டும். ஆப்பின் உயரமும் கணக்கில் வரும். 45 டிகிரி ஆப்பு 1.2 மீட்டர் மரத்தை 18 செ.மீ. உயரத்தில்தான் தொடும். அதைவிடக் குட்டையான ஆப்பில் மரம் சரிவில் உட்காராது, விளிம்பை மட்டும் நசுக்கும்.

ஆட்கள் நிற்கும் இடத்தில் விட்டுக்கொடுப்பு கிடையாது. மரத்தின் கீழ்ப்பக்கம் யாரும் வரக் கூடாது. பின்னால் வைக்கும் ஆப்பை முனையின் பக்கத்தில் நின்று நீண்ட கம்பால் தள்ள வேண்டும், கையால் வைக்கக் கூடாது. இறுகிய ரோப்பைத் தாண்டுவதும் கப்பியில் திரும்பும் ரோப்பின் உள்கோணத்தில் நிற்பதும் வேண்டாம். வின்ச்சுக்குச் சைகை கொடுப்பவர் ஒருவர் மட்டுமே. ஆனால் நிறுத்து என்று யார் கத்தினாலும் வின்ச் நிற்க வேண்டும்.

ஏறிய மரத்தின் எடைமையம் டிரெய்லரின் சக்கர அச்சுக்குச் சற்று முன்னால் அமைய வேண்டும். கொக்கியிலிருந்து அச்சு 4 மீட்டர் என்றால், மையத்தை 40 செ.மீ. முன்னால் வைக்கும்போது 570 கிலோ கொக்கியில் விழும். இழுக்கும் வண்டியின் கொக்கி அதைத் தாங்குமா என்று முன்பே பார்த்திருக்க வேண்டும். மையம் அச்சுக்குப் பின்னால் போனால் டிரெய்லர் வாலாட்டத் தொடங்கும். சுண்ணாம்புக் கோடு இங்கே மறுபடி உதவுகிறது.

கட்டுவதற்கு 10 மி.மீ. தடிமனில், 3 டன் வேலைத்திறன் முத்திரையுள்ள சங்கிலி நான்கு வேண்டும். இரண்டு குறுக்காக, ஒன்று முன்னோக்கியும் ஒன்று பின்னோக்கியும் சாய்வாக. பல நாடுகளின் விதிகள் பிரேக் பிடிக்கும்போது எடையில் 80 சதவீதம் முன்னால் தள்ளும், வளைவில் 50 சதவீதம் பக்கவாட்டில் தள்ளும் என்று கொள்கின்றன. இந்த மரத்துக்கு அது 4.6 டன்னும் 2.9 டன்னும். சங்கிலி இறுகிய பிறகுதான் வின்ச் ரோப்பைத் தளர்த்த வேண்டும்.

சங்கிலி பட்டைமேல் கிடந்தால் குலுக்கலில் பட்டை நசுங்கி, இறுக்கம் போய்விடும். சங்கிலி விழும் இடங்களிலும் பட்டையை உரித்துவிடுவது நல்லது. அப்படிச் செய்தாலும், புறப்பட்ட சில கிலோமீட்டருக்குள் வண்டியை நிறுத்தி நான்கையும் மறுபடி இறுக்க வேண்டும். முதல் நிறுத்தத்தில் ஒரு சங்கிலியாவது தளர்ந்திருக்கும்.