தொப்பி அடிக்கு நாதஸ்வரம் ஏன் பதுங்க வேண்டும்?

செங்கோட்டையில் கம்ப்ரசர் என்று சொன்னால் பஞ்சர் கடைதான் ஞாபகம் வரும். புனலூரில் பாட்டுப் பதிவு செய்துகொண்டிருந்த சேட்டன் ஒருவர் கடையைக் காலி செய்தபோது, ரேக்கில் மாட்டுகிற பழைய ஆடியோ கம்ப்ரசர் ஒன்றை வாங்கிப் பையில் வைத்து பஸ்ஸில் கொண்டுவந்தேன். புளியரை செக்போஸ்ட்டில் பையைத் திறந்து பார்த்த போலீஸ்காரரும் "காத்து எங்கவழியா வருது?" என்றுதான் கேட்டார்.

இது காற்று அடிப்பதில்லை, சத்தத்தை அடக்குவது. பாடுகிறவர் திடீரென்று உச்சத்துக்குப் போனால் தானாகவே வால்யூமைக் குறைக்கும், அவர் இறங்கியதும் விட்டுவிடும். அமெரிக்க ஒலிப்பதிவு இன்ஜினியர் பில் புட்னம் 1967-ல் கொண்டுவந்த 1176 என்ற கம்ப்ரசர் இந்த வேலையை எஃப்இடி என்ற வகை டிரான்சிஸ்டரை வைத்துச் செய்தது. எழுபதுகளில் டிபிஎக்ஸ் கம்பெனியின் டேவிட் பிளாக்மர், வோல்டேஜைக் கொடுத்து வால்யூமைக் கூட்டிக் குறைக்கிற விசிஏ என்ற சர்க்யூட்டை வைத்துச் செய்தார். என் பெட்டி இரண்டாவது வம்சம்.

"செறிய ஒரு மூளல் உண்டு, அத்ரயே உள்ளூ" என்றார் சேட்டன். மூளல் என்றால் ஹம், ஓயாமல் கேட்கிற ரீங்காரம். காலையில் போட்டுப் பார்த்தேன், ஒரு முனகலும் இல்லை. இல்லாத குறையைச் சொல்லி விற்கிற ஆளும் இருக்கிறார் போல என்று நினைத்துக்கொண்டேன். சாயங்காலம் ஏழு மணிக்குப் போட்டால், பெட்டிக்குள் தேன்கூட்டைக் கலைத்துவிட்ட மாதிரி சத்தம்.

இரண்டு நாள் மண்டை காய்ந்தபிறகுதான் சுவரில் இருக்கும் வோல்ட் மீட்டரைப் பார்த்தேன். காலையில் 230, ஊரே லைட்டும் மோட்டாரும் போடுகிற நேரத்தில் 190. உள்ளே இரண்டு பக்கமும் 18 வோல்ட் தருகிற 18-0-18 டிரான்ஸ்பார்மர், அப்புறம் 1000 மைக்ரோ கெப்பாசிட்டர் இரண்டு, அதன்பின் வோல்டேஜை ஒரே அளவில் நிறுத்துகிற ரெகுலேட்டர்கள், பிளஸுக்கு 7815-ம் மைனஸுக்கு 7915-ம். இந்த ரெகுலேட்டர்கள் 15 வோல்ட் கொடுக்க, உள்ளே குறைந்தது 17 வோல்ட் இடைவிடாமல் வரவேண்டும். கெப்பாசிட்டரைக் கழற்றி அளந்தால் 1000 இருக்கவேண்டிய இடத்தில் 200 சொச்சம்தான், வருஷக்கணக்காகப் பெட்டிச் சூட்டில் கிடந்து வற்றிப்போயிருந்தது. 230 வரும்போது அதை வைத்தே எப்படியோ சமாளித்திருக்கிறது, 190 ஆனதும் நொடிக்கு நூறு தடவை வோல்டேஜ் 17-க்குக் கீழே குழி விழ, அந்தக் குழிதான் ஹம்மாகக் கேட்டிருக்கிறது. 2200 மைக்ரோ, 35 வோல்ட், 105 டிகிரி தாங்குவதாக இரண்டு வாங்கிப் போட்டேன். ஹம் போய்விட்டது.

போனது என்று மூடியை மாட்டியதும் ஃப்யூஸ் போனது. தப்பு என்னுடையதுதான். 7815-ன் முதுகுத் தகடு கிரவுண்டு, அதை நேராக பாடியில் திருகலாம். 7915-ன் தகடு இன்புட், நடுவில் மின்சாரம் கடத்தாத மைகாத் துண்டை வைக்காமல் திருகினால் மைனஸ் சப்ளை அப்படியே ஷார்ட். அந்தக் கண்ணாடித்தாள் மாதிரித் துண்டு என் செருப்புக்கடியில் ஒட்டிக்கொண்டிருந்தது.

நிறையப் பேர் இந்த மாதிரிப் பெட்டியைத் திறந்ததும் சத்தத்தைப் பெருக்குகிற 4558 ஐசி எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டு, அதைவிட உசத்தி என்று 5532 போடுவார்கள். நானும் அவுட்புட்டில் இரண்டு மாற்றினேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் எது எது என்று எனக்குத் தெரியவில்லை. ஒன்றுக்கு 8 மில்லி ஆம்பியர் இழுக்கிற ஐசியைப் பத்துப் பன்னிரண்டு போட்டு அந்தச் சின்ன டிரான்ஸ்பார்மரைச் சுடவைப்பானேன்?

எனக்குப் பிரச்சினை வேறு. நாதஸ்வரம் வாசிக்கும் அண்ணாச்சி ஒருவர் பதிவுக்கு வருவார், தவில் பக்கத்திலேயே, இரண்டு பேருக்கும் ஒரே அறை. தவில்காரர் தொப்பிப் பக்கம், அதாவது கனத்த நாதம் வருகிற பக்கம், குச்சியால் ஓங்கி ஒன்று போட்டால் போதும், கம்ப்ரசர் பயந்துபோய் எல்லாவற்றையும் அமுக்கும், நாதஸ்வரமும் சேர்ந்து பதுங்கி மெல்ல எழுந்து வரும். "என்னடே, தவில்காரன் ஒவ்வொரு தட்டுக்கும் என் வாயைப் பொத்துதான்?" என்று அண்ணாச்சி கேட்டது நியாயம்தான்.

இதற்குச் சத்தம் போகிற பாதையைத் தொடவே வேண்டாம். கம்ப்ரசருக்கு உள்ளே சத்தத்தை அளந்து "இப்போது அமுக்கு" என்று சொல்கிற டிடெக்டர் தனியாக இருக்கிறது. அதற்குப் போகிற வழியில், பஃபர் என்கிற இடைநிலை ஆம்ப்ளிஃபயருக்கு முன்னால் போர்டில் இருக்கும் செம்புத் தடத்தைக் கீறிவிட்டு 0.1 மைக்ரோ கெப்பாசிட்டரைத் தொடராகவும், 15 கே ரெசிஸ்டரை கிரவுண்டுக்கும் வைத்தேன். சுமார் 106 ஹெர்ட்ஸுக்குக் கீழே டிடெக்டரின் காது மந்தமாகிவிடும். தொப்பியின் அடிநாதம் டேப்பில் முழுசாக விழும், அதைக் கண்டு மிரளத்தான் ஆள் இல்லை. பழையபடி வேண்டுமென்றால் மாற்றிக்கொள்ள முன்பக்கம் ஒரு சின்ன சுவிட்ச். பழைய பெட்டியில் துளை போடத்தான் மனசு வரவில்லை, ஒருநாள் முழுக்க ட்ரில்லைக் கையில் வைத்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

போன வாரம் அண்ணாச்சிக்கு இரண்டு விதமாகவும் போட்டுக் காட்டினேன். ஹெட்போனைக் கழற்றாமலே, அவருக்கு மட்டும் கேட்கிற சத்தத்தைத் தாண்டிக் கத்துகிற குரலில் சொன்னார்: "தவிலை இன்னும் கொஞ்சம் ஏத்துடே, பாவம், நல்லா வாசிச்சிருக்கான்."