பை வைத்தவர் வந்து பேசும்போது

கோவையில் ஒரு மருத்துவமனையின் சிறுநீரகவியல் வார்டில் ஸ்டோமா பராமரிப்புச் செவிலியராக வேலை பார்க்கிறேன். மூத்திரப்பையில் வந்த புற்றுநோய் அதன் தசைவரை இறங்கிவிட்டால், பெரும்பாலும் பையையே எடுக்கச் சொல்வார்கள். ஆண்களுக்கு அதோடு புராஸ்டேட்டும் போகும். பெண்களுக்குப் பல சமயம் கர்ப்பப்பையும் போகும். பிறகு சிறுகுடலில் 15 முதல் 20 சென்டிமீட்டர் துண்டை எடுத்து, சிறுநீரகங்களிலிருந்து வரும் இரண்டு சிறுநீர்க்குழாய்களையும் அதில் தைத்து, மறுமுனையை வயிற்றின் வலப்பக்கம் வெளியே கொண்டுவந்து வைப்பார்கள். அந்த வாய்தான் ஸ்டோமா. அதன்மேல் ஒட்டும் பையில்தான் இனி சிறுநீர் சேரும்.

டாக்டர் காகிதத்தில் படம் வரைந்து இதையெல்லாம் பொறுமையாகச் சொல்வார். நோயாளி தலையாட்டுவார். டாக்டர் அடுத்த கட்டிலுக்குப் போனதும் என் பக்கம் திரும்பி, "ஆபரேஷன் இல்லாம மருந்துலயே பாத்துக்க முடியாதுங்களா சிஸ்டர்?" என்பார். விளக்கம் புரியாமல் கேட்பதில்லை இது. இந்த உடம்போடு நாளைக்கு எப்படி வெளியே போவது என்பது கண்முன் வரவில்லை, அவ்வளவுதான். அதைக் காட்டக்கூடியவர் ஏற்கெனவே அப்படி வாழ்பவர் மட்டுமே. எத்தனை ஆண்டு அனுபவம் இருந்தாலும் என் வயிற்றில் பை இல்லையே.

ஒரு பஸ் டிரைவர் வந்திருந்தார். வலியே இல்லாமல் சிறுநீரில் ரத்தம் போயிருக்கிறது, சூடு என்று நினைத்து இளநீர் குடித்தே மாதங்களைக் கடத்திவிட்டார். ஆபரேஷனுக்கு நாள் குறித்ததும் வீட்டில் யாரோடும் பேசுவதை நிறுத்திவிட்டதாக அவர் மனைவி சொன்னார். சில ஆண்டுகளுக்கு முன் இதே ஆபரேஷன் ஆன, மில்லில் வேலை செய்து ஓய்வு பெற்ற ஒருவருக்குப் போன் போட்டேன். மறுநாளே வந்துவிட்டார்.

வெள்ளைச் சட்டை, வேட்டி, கையில் ஒரு மஞ்சள் பை. கட்டிலில் டிரைவரை ஒட்டி உட்கார்ந்து ஊர், பிள்ளைகள், எந்த ரூட்டில் வண்டி என்று பேச்சுக் கொடுத்துக்கொண்டிருந்தார். டிரைவர் மெதுவாக வாய் திறந்தார்: "ஏனுங்ணா, பக்கத்துல இருக்கறவங்களுக்கு நாத்தம் அடிக்குமுங்களா?"

"அரை மணி நேரமா ஒட்டித்தான் உக்காந்திருக்கறேன். உங்களுக்கு அடிச்சுதா?"

பிறகு சட்டையைத் தூக்கிக் காட்டினார். பை பாதி நிறைந்திருந்தது. டாய்லெட்டுக்குக் கூட்டிப்போய், கீழே உள்ள மூடியைத் திருப்பிக் காலி செய்து காட்டினார். காலையில் எழுந்ததும், டீத்தண்ணி குடிப்பதற்கு முன்பே பை மாற்றிவிட வேண்டும், அப்போதுதான் சிறுநீர் குறைவாகச் சொட்டும் என்றார். சிறுநீரில் வெள்ளையாக, சளி மாதிரி வரும், சீழ் என்று பயந்துவிடாதீர்கள், குடல்துண்டு அதன் வேலையைச் செய்கிறது என்றார். இதையெல்லாம் நானும் சொல்கிறேன்தான். ஆனால் அவர் சொல்லும்போது டிரைவர் கேள்வி கேட்டார். கோயிலுக்குள் போகலாமா? போகிறேனே, பிரதோஷம் தவறியதில்லை. மனைவி பக்கத்தில் படுக்கலாமா? அதற்கு வந்த பதில் எனக்குக் கேட்கவில்லை, கேட்கவும் கூடாது. இருபது வருடம் பீடி குடித்துத் தானே வரவழைத்துக்கொண்டதாக டிரைவர் கலங்கியபோது, "நானும் குடிச்சவந்தானுங்க, ஆபரேஷனுக்கு முந்தியே உட்டுட்டேன். நீங்களும் இன்னைக்கே உட்டுருங்க" என்று அதோடு முடித்துக்கொண்டார். வைத்தியம் பார்க்கும் எங்கள் வாயிலிருந்து அதே வார்த்தை வந்திருந்தால் கண்டிப்பது போலத்தான் கேட்டிருக்கும்.

ஆபரேஷனுக்கு முன் ஸ்டோமா வரும் இடத்தைப் பேனாவால் குறிப்பது என் வேலை. படுத்து, உட்கார்ந்து, நின்று, குனிந்து பார்த்து, மடிப்பில் விழாத, பெல்ட் அழுத்தாத, நோயாளியே குனிந்து பார்க்கக்கூடிய இடமாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். "ஸ்டியரிங் புடிக்கற மாதிரி உக்காரச் சொல்லிப் பாருங்க சிஸ்டர்" என்றார் மில்காரர். அப்படி உட்கார்ந்ததும் வயிற்று மடிப்பு நான் வைத்த புள்ளியின்மேலேயே விழுந்தது. கொஞ்சம் மேலே தள்ளிக் குறித்தேன். புத்தகத்தில் இல்லாத இடம் அது.

சிறுநீர்க்குழாயில் புற்றுநோய் வந்தவர்களின் கதை வேறு. அந்தப் பக்கச் சிறுநீரகம், குழாய் முழுவதும், அது மூத்திரப்பையில் சேரும் இடத்தைச் சுற்றிக் கொஞ்சம், எல்லாவற்றையும் எடுப்பார்கள். வெளியே பை கிடையாது; பார்ப்பவர்களுக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் சிறுநீரகத்திலிருந்து மூத்திரப்பைவரை உள்ளே ஓடுவது ஒரே வகைச் சவ்வு என்பதால், பிற்பாடு மூத்திரப்பையிலும் கட்டி வரலாம். ஐந்தில் ஒருவருக்கு மேல் வருகிறது. அதனால் தொடக்கத்தில் சில மாதங்களுக்கு ஒருமுறை உள்ளே கேமரா விட்டுப் பார்க்க வேண்டும். ஒரு பள்ளி ஆசிரியைக்கு ஆபரேஷனைவிட அந்தப் பரிசோதனைக்கு முந்தைய இரவுதான் பெரும்பாடு. "ஒரு கிட்னி போதும், நல்லாத்தானே இருக்கீங்க" என்ற ஆறுதல் அவருக்கு எரிச்சலாகவே இருந்தது. அதே ஆபரேஷன் ஆன இன்னொரு பெண்ணைத் தேடிப் பிடிக்க நாளாயிற்று. பெண்கள் இந்த நோயைச் சொந்தக்காரர்களிடம்கூடச் சொல்வதில்லை, பேச முன்வருவது அதைவிட அரிது. இப்போது இருவரும் பரிசோதனைக்கு முந்தைய இரவு போனில் பேசிக்கொள்கிறார்கள். பெரும்பாலும் சமையலைப் பற்றித்தானாம்.

என் தொழிலே இப்படித் தொடங்கியதுதான். அமெரிக்காவின் கிளீவ்லாந்து கிளினிக்கில் ரூபர்ட் டர்ன்புல் என்ற அறுவை மருத்துவர், தன்னிடமே ஆபரேஷன் செய்துகொண்ட நார்மா கில் என்ற பெண்ணை 1958-ல் மற்ற நோயாளிகளுக்கு உதவ வேலைக்கு அமர்த்தினார். அவர் நர்ஸ் படிப்புப் படித்தவர் அல்ல. வயிற்றில் ஸ்டோமாவோடு வாழ்ந்தவர். ஸ்டோமா செவிலியர் என்ற பயிற்சி அவரிடமிருந்து வளர்ந்தது. இன்று சான்றிதழோடு நிற்கும் நாங்கள் அனுபவப்பட்டவரை வார்டுக்குள் விடத் தயங்கினால் அது நியாயமே இல்லை.

யாரை யாரோடு சேர்ப்பது என்பதில் கவனம் வேண்டும். குடலிலேயே புதுப்பை செய்து உள்ளே வைத்துக்கொண்டவரை, வெளியே பை வைக்கப் போகிறவரிடம் அனுப்பினால், "எனக்கு மட்டும் ஏன் அது இல்லை?" என்ற புண்தான் மிஞ்சும். சிறுநீரகம் எப்படி இருக்கிறது, கட்டி எங்கே இருக்கிறது என்று பார்த்துத்தான் டாக்டர் முடிவெடுக்கிறார். அதை வருகிறவர் மாற்றிப் பேசக்கூடாது. நாட்டுமருந்துச் சிபாரிசும் கூடாது.

வருகிறவர்களுக்கும் மனசு இருக்கிறது. மில்காரர் பேசித் தேற்றிய ஒருவருக்கு நோய் நுரையீரலுக்குப் பரவி, அவர் இறந்துபோனார். செய்தி கேட்ட பிறகு இவர் சில மாதம் வார்டுப் பக்கமே வரவில்லை. அடுத்தது தன் முறையோ என்று தோன்றியதாகப் பிறகு சொன்னார். யாரையும் பார்க்கச் சொல்லாமல், சும்மா நலம் விசாரிக்கவே இப்போது அவரைக் கூப்பிடுகிறேன்.

இதெல்லாம் ஒரு நர்ஸின் போன் டைரியை நம்பி நடப்பது எனக்குச் சம்மதமில்லை. நான் மாற்றலாகிப் போனால் நின்றுவிடும். இந்த ஆபரேஷன் நடக்கும் ஒவ்வொரு இடத்திலும், பேச விருப்பமுள்ள பழைய நோயாளிகளின் பட்டியல் வேண்டும். கதவு சாத்திப் பேச ஓர் அறை வேண்டும். வந்துபோக பஸ் செலவை மருத்துவமனை தர வேண்டும். மில்காரர் இதுவரை தன் கைக்காசில்தான் வந்துபோகிறார். அதற்காக எழுதிக் கொடுத்த மனு நிர்வாகத்திடம் இருக்கிறது. பதில் வரும்வரை விடாமல் கேட்டுக்கொண்டிருப்பேன்.