ரிசப்ஷனைத் தாண்டுவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது: பயோடெக்னிகா ஆய்வக அனுபவம்

ஒருவழியாக பயோடெக்னிகா ஆய்வகத்திலிருந்து கணினிக் கோப்பு ஒன்றை எடுத்துக்கொண்டு நாலு பேரும் உயிரோடு வெளியே வந்துவிட்டோம், விளையாட்டில்தான். முத்தியால்பேட்டையில் ஜி.எம். (கேம் மாஸ்டர், கதையை நடத்துகிறவர்) அண்ணன் வீட்டு மாடியில் சைபர்பங்க் ரெட் என்ற, பகடை உருட்டி ஆடும் கதாபாத்திர விளையாட்டை ஆடுகிறோம். 2045-ஆம் வருடத்துக் கற்பனை நகரமான நைட் சிட்டியில் அவர் கட்டி வைத்த அந்த ஆய்வகம் பல வாரமாக எங்கள் உயிரை வாங்கியது. உங்கள் ஜி.எம்.மும் இப்படி அடுக்கடுக்காகக் காவல் போடுகிறவர் என்றால், உள்ளே கால் வைப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்.

முதல் அடுக்கிலேயே மாட்டினோம். துப்பாக்கி, லேசர் எல்லாம் இல்லை, ரிசப்ஷனில் ஒரு கிளார்க், அவ்வளவுதான். ஏசி சர்வீஸ் ஆட்கள் மாதிரி போனோம். ஃபிக்சராக (ஆட்களைப் பிடித்துக் காரியம் முடிக்கும் தரகன்) ஆடுகிறவன் கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து பஸ் ஏறி வரும் தம்பி. அவன் ஒர்க் ஆர்டரை நீட்டினான். ஜி.எம். அண்ணன் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிவிட்டுக்கொண்டு கிளார்க்காகவே மாறிவிட்டார். “ஃபெசிலிட்டி மேனேஜர் கையெழுத்து எங்க? அது இல்லாம உள்ள விட முடியாது. வாங்கிட்டு நாளைக்கு வாங்க.” தாலுகா ஆபீஸ் வரிசையில் நின்று திரும்பி வந்த எரிச்சல் அப்படியே வந்தது. தம்பி பெர்சுவேஷனுக்கு, அதாவது பேசிச் சம்மதிக்க வைக்கும் திறனுக்கு, பத்து முகப் பகடையை உருட்டினான். ஒன்று விழுந்தது. ஒன்று விழுந்தால் இன்னொரு முறை உருட்டி, வருவதைக் கழிக்க வேண்டும். கழித்ததில் மிச்சம் எதுவும் தேறவில்லை. எங்கள் வேன் நம்பரையும் கிளார்க் குறித்துக்கொண்டார். தம்பிக்கு பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. அன்றைய ஆட்டம் வீண்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். லக் பாயின்ட் (உருட்டும் எண்ணோடு கூட்டிக்கொள்ளும் அதிர்ஷ்டப் புள்ளி) போடுவதென்றால் உருட்டுவதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும். விழுந்த பிறகு கெஞ்சிப் பயனில்லை. செஷனுக்கு செஷன் அது நிறைந்துவிடும், அதனால் சேர்த்து வைக்கவும் வேண்டாம். அடுத்த செஷனின் முதல் வேலையாகவே மறுபடியும் ரிசப்ஷனுக்குப் போனோம். இந்த முறை ஃபிக்சர் தன் ஆட்கள் மூலம் மேனேஜர் கையெழுத்துப் போட்ட பழைய கேட் பாஸ் ஒன்றைப் பிடித்திருந்தான். அதைப் பார்த்து, டெக்காக (கருவி வேலைக்காரன்) ஆடுகிறவன் போலி ஒன்றை ஃபோர்ஜரி செய்து கொடுத்தான். கிளார்க் காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு விட்டார். மாடியில் நாங்கள் போட்ட சத்தத்துக்குக் கீழ் வீட்டிலிருந்து ஆள் வந்து எட்டிப் பார்த்தார்கள்.

சர்வர் அறைக் கதவின் எலக்ட்ரானிக் பூட்டைத் திறக்க, உருட்டுவதும் திறனும் சேர்ந்து 17-ஐத் தாண்ட வேண்டும். டெக் ஒரே உருட்டில் திறந்தான்.

நான் நெட்ரன்னர், அதாவது மூளையைக் கணினி வலையோடு இணைத்து உள்ளே நுழையும் ஹேக்கர். வலைக்குள் நுழையும் இடமான ஆக்சஸ் பாயின்ட்டிலிருந்து ஆறு மீட்டருக்குள் உட்கார்ந்து ஜாக் இன் செய்தேன், அதாவது உள்ளே இணைந்தேன். பாத்ஃபைண்டர் (வலையின் அமைப்பைத் தெரிந்துகொள்வது), பாஸ்வேர்டு, கேமராக்களை இயக்கும் கன்ட்ரோல் நோட் எல்லாம் சுலபமாக முடிந்தன. கேமராக்களை அணைக்காமல் சுவர்ப் பக்கம் திருப்பினேன். திரை கறுத்தால்தான் யாராவது எழுந்து வருவார்கள் என்பது என் கணக்கு. வலையின் அடுத்த தளத்தில் ஹெல்ஹவுண்ட் என்ற நாய் காத்திருந்தது.

பிளாக் ஐஸ் எனும் காவல் புரோகிராம்களிலேயே எனக்கு ஆகாதது இதுதான். கடித்தால் மூளைக்கு 2டி6 அடி, அதாவது இரண்டு ஆறுமுகப் பகடைகளில் விழுவதன் கூட்டு. கூடவே நெட்ரன்னரின் கணினியான சைபர்டெக்கும் சட்டையும் தீப்பிடிக்கும். ஆர்மர் புரோகிராம் மூளைக்கு விழும் அடியில் நான்கைக் குறைக்கும், தீக்கு அது எதுவும் செய்யாது. ஒவ்வொரு டர்ன் முடியும்போதும் எச்.பி.யில் (உயிர்ப் புள்ளியில்) இரண்டு போய்க்கொண்டே இருக்கும். தீயை அணைக்க உடம்பால் செய்யும் மீட் ஆக்‌ஷன் வேண்டும், அதைச் செய்தால் அந்த டர்னில் வலைக்குள் செய்யும் என் மூன்று நெட் ஆக்‌ஷனும் போய்விடும். பக்கத்தில் நிற்கும் டெக் அணைக்கட்டுமே என்று வாதாடிப் பார்த்தேன். “உன் சட்டை, உன் ஆக்‌ஷன்” என்று ஜி.எம். அண்ணன் முடித்துவிட்டார். எரிந்துகொண்டே ஸ்வோர்டு என்ற தாக்கும் புரோகிராமால் வெட்டினேன்.

அந்த நேரம் பார்த்துத்தான் செக்யூரிட்டி வந்தான். கேமராவால் இல்லை. எங்களை உள்ளே விட்ட கிளார்க் மனசு கேட்காமல் மேனேஜருக்கே போன் போட்டு விசாரித்துவிட்டார்! நெட்டில் எவ்வளவு ஆழம் போனாலும் அந்த போனைத் தடுக்க முடியாது. ஆகவே கட்டடத்தில் காகிதம் பார்க்கும் ஆள் யார் என்று முதலில் பாருங்கள். மற்றவர்கள் மேலே போனதும் அவரிடம் பேச்சுக் கொடுக்க ஒருவரைக் கீழேயே விட்டுவிட்டுப் போங்கள்.

வராந்தாவில் பூட்ஸ் சத்தம். எங்கள் சண்டைக்காரனான சோலோ என்னைப் பார்த்து, “மச்சான், உன்னத் தூக்கிட்டு ஓடிடவா?” என்றான். “தொடாதடா! ஆறு மீட்டர் தாண்டினா நாய் மறுபடி கடிச்சிடும்!” என்று கத்தினேன். புதிதாக ஆடுகிறவர்கள் இதை மனப்பாடமே செய்துகொள்ளலாம். நெட்ரன்னரைப் பாதியில் இழுத்தால், அவன் எதிர்கொண்டு இன்னும் அழிக்காமல் விட்ட பிளாக் ஐஸ் எல்லாம் போகிற போக்கில் அவனைத் தாக்கிவிட்டுத்தான் விடும். ஸ்லைடு போட்டு நழுவலாம் என்று பலர் சொல்வார்கள். எனக்கு அதில் நம்பிக்கையில்லை. நழுவினாலும் நாய் உயிரோடுதானே இருக்கும்? வெட்டிச் சாய்ப்பதே மேல்.

சோலோ கதவில் நின்று சமாளித்தான். ஹெல்ஹவுண்டின் ரெஸ் (புரோகிராமின் உயிர்) 20. முன்பு வெட்டியதோடு, இந்த முறை ஸ்வோர்டின் 3டி6-இல் இரண்டு ஆறும் ஒரு ஐந்தும் விழ, அது சாய்ந்தது. அடுத்த டர்ன் முழுக்கத் தீயை அணைக்கவே போனது. பிறகு ஐ-டீ போட்டு, அதாவது கோப்பில் என்ன இருக்கிறது என்று பார்த்து, அதை எடுத்தேன், சரக்கு வாசல் ஷட்டரைத் திறந்துவிட்டேன், அதற்கப்புறம்தான் முறையாக ஜாக் அவுட் செய்தேன்.

பணத்தைப் பங்கு பிரித்ததும் முதல் வேலையாக என் சைபர்டெக்குக்குத் தீப்பிடிக்காமல் தடுக்கும் இன்சுலேட்டட் வயரிங் வாங்கிப் போட்டேன். ஏழு ஸ்லாட்டில் ஒன்று போகும், போகட்டும்.