ட்வைலைட் 2000: ஆறு செஷன் முடிஞ்சது, வண்டி இன்னும் நகரல

ஞாயித்துக்கிழமை மதியம், கிருஷ்ணகிரில நண்பன் வீட்டு மொட்டமாடி ஷெட்டு, அஞ்சு பேரு. பாதி நேரம் ஆட்டம், மீதி நேரம் எது ஒரிஜினல் கதைனு சண்டை.

தெரியாதவங்களுக்கு: 1984ல ஜிடிடபிள்யூனு ஒரு அமெரிக்க கம்பெனி போட்ட கேம், ஆளுக்கொரு பாத்திரமா இருந்து, பேசி, டைஸ் உருட்டி கதைய நகத்துறது. மூணாம் உலகப்போர் முடியாம இழுத்துக்கிட்டே போய் 2000ல போலந்து கலிஷ் பக்கத்துல அமெரிக்க ராணுவத்தோட 5வது டிவிஷன் நொறுங்குது, நாம அதுல தப்பிச்ச ஆளுங்க, மேலிடம் கைய விரிச்சிடுச்சு, இனி நம்ம பாடு.

எங்க ரெஃப்ரீ, அதாவது கதைய நடத்துற அண்ணன், பழைய பதிப்பு ஆளு. 1995ல சோவியத்தும் சீனாவும் மோதி, அப்புறம் ஜெர்மனில சண்டை, 1997ல அணுகுண்டு, இதத் தாண்டி எதுவும் கிடையாதும்பாரு. 2021ல ஃப்ரீ லீக்னு வேற கம்பெனி போட்ட நாலாம் பதிப்புல, கோர்பசேவ கவுக்கப் பாத்த 1991 மாஸ்கோ சதி ஜெயிச்சதா கதை, நெஜத்துல மூணே நாள்ல புஸ்ஸுனு போனது. ஒருத்தன் கேட்டான், "அண்ணா, 84ல எழுதுனவங்க வரப்போறத பயந்து எழுதுனாங்க, இவங்க முடிஞ்சத மாத்தி எழுதுறாங்க, ரெண்டும் எப்படிண்ணா ஒரே கதையாகும்?" அண்ணன்கிட்ட பதில் இல்ல, டீ குடிச்சாரு. எனக்கும் அந்தப் பழைய பயம்தான் புடிக்குது, ஆனா ரூல் புதுசுதான் சுலபம், மேப்புல பத்து கிலோமீட்டருக்கு ஒரு ஹெக்ஸ் (அறுகோணக் கட்டம்), ஒரு நாளுக்கு நாலு ஷிஃப்ட். அதனால கதை பழசு, ரூல் புதுசுனு ஓட்டுறோம்.

செட்டிங்ல என் ஃபேவரிட் கிராக்கோ. 85ல வந்த மாட்யூல் (கேமுக்கான தனிக் கதைப் புத்தகம்), யார் பக்கமும் சேராம தனியா நிக்கிற நகரம், சந்தை நடக்குது. வாரக்கணக்கா காட்டுல அலைஞ்சிட்டு வர்றவனுக்கு வார்சா இடிபாடெல்லாம் எதுக்கு?

இதுல டீசல் கிடைக்கிறதே அபூர்வம், வண்டிக்கு நாமளே ஆல்கஹால் காய்ச்சணும். தானியத்துல காய்ச்சுனா நல்ல எரிபொருள், ஆனா அது சாப்பாடு. மரத்துலயும் காய்ச்சலாம், வண்டி இன்னும் ஜாஸ்தி குடிக்கும். நாலாவது செஷன்ல ஒரு போலந்து கிராமத்துல கோதுமை மூட்டையெல்லாம் அள்ளிட்டு வந்துட்டோம், யாரும் ஒரு வார்த்தை பேசல.

அஞ்சாவது செஷனுக்கு ஒரு ஆசை, நம்ம ஊர்லயே வெச்சு பாக்கலாம்னு. சையத் பாஷா மலைக் கோட்டை நம்ம கேம்ப், தண்ணிக்கு கே.ஆர்.பி. டேம், மாங்கூழ் ஃபேக்டரில ஊறல் போட்டு காய்ச்சுறது (இந்த ஐடியாவுக்கு பத்து நிமிஷம் சிரிப்பு). ஆனா ஆட்டம் ஓடவே இல்ல. எல்லாருக்கும் எல்லா ரோடும் தெரியுது, "அந்தப் பக்கம் பாலம் இருக்குண்ணா"னு ரெஃப்ரீய நிறுத்திக்கிட்டே இருந்தோம். அதவிட, காவேரிப்பட்டணம் ஒரே ஹெக்ஸ் தூரம், அங்க அரிசி மண்டி, டைஸ் உருட்டுனா எங்களுது, ஒருத்தனும் கைல எடுக்கல. "எங்க சித்தப்பா அங்கதான்டா மூட்ட தூக்குறாரு"ன்னான் ஒருத்தன். அதோட மூடிட்டோம்.

போன வாரம் திரும்ப போலந்து. அதே கிராமம், அதே கோதுமை, இந்த தடவை காவலுக்கு ரெண்டே பேரு. அண்ணன் டைஸ நீட்டுனாரு, யாரும் வாங்கல. "மரமே வெட்டிக்கலாம்ணா"ன்னு சொன்னதும் அந்த சித்தப்பா கதை சொன்னவன்தான். இப்ப ரெண்டு நாளா மரம் வெட்டிக்கிட்டு இருக்கோம், டேங்க்ல கால்வாசி கூட ஏறல.