இரண்டாவது டென்டல் சேர் வந்தும் வரிசை குறையவில்லை

எங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தின் பல் பிரிவுக்கு இரண்டாவது சேர் ஒதுக்கீடானதும், காத்திருப்பு பாதியாகிவிடும் என்று கணக்குப் போட்டோம். சேர் வந்தது, வரிசை அப்படியே நின்றது.

முதல் அடி தரையில். சேர் வருமுன்பே டைல்ஸ் ஒட்டி முடித்துவிட்டார்கள். தண்ணீர், காற்று, கழிவுநீர், கரண்ட் நாலும் தரையிலிருந்து மேலே வரும் இடம் மாடலுக்கு மாடல் மாறும். எங்களுக்கு அது டாக்டரின் ஸ்டூல் உருளும் இடத்தில் முளைத்திருந்தது. புது டைல்ஸை உடைத்தோம். சப்ளையரிடமிருந்து தரைப்படம் கைக்கு வரும்வரை கொத்தனாரை உள்ளே விடாதீர்கள். கழிவுக்குழாயின் சரிவையும் அப்போதே பாருங்கள், இல்லையென்றால் துப்பும் தொட்டி தேங்கி நாறும்.

அடுத்தது சேருக்குக் காற்றழுத்தம் தரும் கம்ப்ரசர். பழைய 1 எச்பி ஒரு சேருக்குத்தான் தாங்கும். காற்றில் சுழன்று பல்லைக் குடையும் ஹேண்ட்பீஸுக்கு ஏரோட்டர் என்று பெயர். இரண்டு ஏரோட்டரும் ஒன்றாகச் சுழன்றால், அதன் முனையிலுள்ள பர் (குடையும் ஊசி) பல்லைத் தொட்டதும் திணறி நின்றது. ஹேண்ட்பீஸ் போச்சு என்றார் மெக்கானிக். அதற்குள் சுழலும் டர்பைனை மாற்றியும் அதே கதை. பிறகுதான் கம்ப்ரசரின் அழுத்த மீட்டரைப் பார்க்கத் தோன்றியது! எண்ணெய் இல்லாத 2 எச்பி கேளுங்கள். தினமும் மாலையில் டேங்க் அடி வால்வைத் திறந்து தண்ணீரை வடித்துவிட வேண்டும். வடிக்காமல் விட்டால் ஈரம் ஹேண்ட்பீஸின் பேரிங்கைத் தின்றுவிடும். சேர் பாட்டிலில் போர் தண்ணீர் ஊற்றினால் ஸ்பிரே துளை உப்பில் அடைக்கும், ஆர்ஓ தண்ணீர்தான்.

எக்ஸ்ரே கருவிக்கு அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் இணையதளமான இ-லோராவில் பதிவு செய்வது, ஆச்சரியமாக, சிக்கலில்லாமல் முடிந்தது.

கழுத்தைப் பிடித்தது ஹேண்ட்பீஸ் எண்ணிக்கை. ஒருவர் வாயில் போனது கழுவி, எண்ணெய் விட்டு, பையிலிட்டு ஆட்டோகிளேவில் (நீராவியால் கிருமி நீக்கும் கருவி) போட்டு எடுக்காமல் அடுத்தவர் வாய்க்குப் போகக்கூடாது. 134 டிகிரியில் இருக்க வேண்டியது 4 நிமிடம்தான். ஆனால் சூடேறி, காய்ந்து, ஆறி வெளியே வர ஏறக்குறைய ஒரு மணி நேரம். கையில் மொத்தம் மூன்றே ஏரோட்டர் இருந்தால் நான்காவது ஃபில்லிங்குக்கு இரண்டு சேரும் சும்மா கிடக்கும். ஸ்பிரிட்டில் துடைத்தால் போதாதா என்பவர்களிடம் மசியாதீர்கள்.

தனியாக ஹேண்ட்பீஸ் கேட்டு அனுப்பிய இன்டென்ட் (கொள்முதல் கோரிக்கை) இரண்டு முறை திரும்பியது. "சேரோடதான் வருமே, தனியா எதுக்கு?" என்பது கிளார்க்கின் கேள்வி. சேரோடு வருவது ஒன்றோ இரண்டோதான். மூன்றாம் முறை ஒரு நாளில் எத்தனை ஃபில்லிங், ஒரு சுற்றுக்கு எவ்வளவு நேரம், எத்தனை பீஸ் குறைகிறது என்று ஒரு பக்கக் கணக்கை இணைத்தோம். கையெழுத்தாகிவிட்டது.

சரக்கு வரும்வரை சமாளித்த வழி: இரண்டு ஃபில்லிங்குக்கு நடுவே பல் பிடுங்குபவர்களை உட்கார வைத்தோம். சாதாரணமாகப் பிடுங்க ஃபோர்செப்ஸ் (பல் பிடுங்கும் இடுக்கி) போதும், ஏரோட்டர் வேண்டாம். பள்ளி முகாமை மட்டும் தள்ளிப்போட்டோம். அங்கிருந்து வரும் பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு ஃபில்லிங்தான் இருக்கும்.