வீட்டுக்கல்வியில் மூன்றாம் ஆண்டு

மகளைப் பள்ளியிலிருந்து நிறுத்தி வீட்டிலேயே கற்பிக்கத் தொடங்கி, இந்த ஜூன் மாதத்தோடு மூன்று ஆண்டுகள் நிறைவடைகின்றன. தொடக்கத்தில் நான் செய்த பெரும்பிழை, கூடத்தையே வகுப்பறையாக்கி, சுவரில் கால அட்டவணை ஒட்டி, 40 நிமிடத்துக்கு ஒரு பாடம் என்று அவளை விரட்டியதுதான். (அந்த அட்டவணை இப்போது அரிசி டப்பாவுக்கு அடியில் விரித்துக் கிடக்கிறது.) பின்னங்கள் அவளுக்கு விளங்கியது, மாமியார் இட்லி மாவுக்கு நாலுக்கு ஒன்று என அரிசியும் உளுந்தும் ஆழாக்கால் அளந்துகொண்டிருக்க, "மூணு ஆழாக்கு அரிசிதான் இருக்குன்னா உளுந்து எவ்வளவு பாட்டி?" என்று அவளே கேட்ட ஒரு காலையில்தான். செவ்வாய்தோறும் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தின் குழந்தைகள் பிரிவுக்குச் செல்கிறோம். எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை என்பதை வாசலில் போய் நின்ற பிறகே அறிந்தோம்.

சான்றிதழுக்கு என்ன செய்வீர்கள் என்று கேட்கும் உறவினர்களுக்காக எழுதுகிறேன்: 1989 முதல் இயங்கிவரும் தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனத்தின் பத்தாம் வகுப்புத் தேர்வை, 14 வயது நிறைந்த எவரும் 5 பாடங்களைத் தேர்ந்தெடுத்து எழுதலாம். அவளுக்கு இப்போது 11 வயதுதான். எங்கள் அடுக்ககத்துக் காவலாளி அண்ணன் மட்டும், காலை 10 மணிக்கு அவளைக் கீழே பார்த்தால், "காய்ச்சலா பாப்பா?" என்று இன்றும் கேட்கிறார்.